இஞ்சின் வந்தது, வண்டி எங்கே?

போன வாரம் தேவகுமார் நயினாரைக் கையில் கடிதத்தோடு நிற்கவைத்துவிட்டு வந்தோம். ஐயோ பாவம் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். பாவப்படுவதற்கு முன்னால் அவர் செய்த காரியத்தை ஒருதரம் ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது.

காஞ்சிபுரத்தில் ஓரிக்கை போகிற சாலையில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருப்பவர் அவர். சுற்றுப்பட்டு கிராமங்களில் ஓடாமல் கிடக்கிற லாரி, டிராக்டர், ஆயில் இஞ்சின் எதுவானாலும் விலைபேசி இழுத்து வருவார். உடைத்து, மதராஸ் ஃபவுண்டரிக்கு லாரியில் ஏற்றி அனுப்புவார். நாலு வருஷத்துக்கு முன்னால், பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் குப்புசாமி முதலியாரின் மகன் வீரபாகு, இஞ்சின் வெடித்துப்போன தன் ஆஸ்டின் டாக்சியை உடைத்து விற்பதற்கென்றே அங்கே கொண்டுவந்தான்.

"உடைக்காதேடா. இங்கியே கெடக்கட்டும். நீ எங்கியாவது போயி நாலு காசு சம்பாதிச்சுக்கினு வா. வேற இஞ்சின் மாத்திக்கலாம். வண்டிக்கு நான் பொறுப்பு" என்று சொன்னவர் இதே தேவகுமார்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகவே சொன்னார்.

வீரபாகு பம்பாய்க்குப் போனான். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அடுத்த இரண்டு வருஷம் வரவில்லை. இந்த மாசி மாதம் தேவகுமார் அந்தக் காரை உடைத்து விற்றுவிட்டார். வீரபாகுவின் மனைவி வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் கடிதம் வந்துவிட்டது. 'அண்ணா, வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். வண்டியைத் துடைத்து வையுங்கள்.'

இன்று செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை மட்டுமா? சமணர்களான நயினார் வீடுகளில் இன்று மன்னிப்புக் கேட்கிற நாள். பத்து நாள் விரதம் முடிந்த மறுநாள், திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பழகினவர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி, 'அறிந்தும் அறியாமலும் ஏதாவது பிழை செய்திருந்தால் மன்னிக்கணும்' என்று கைகூப்புவார்கள். எதிரில் இருப்பவரும் அதையே திருப்பிச் சொல்லுவார். என்ன பிழை, எப்போது செய்தது என்று யாரும் யாரையும் துருவுவதில்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் நல்ல வழக்கத்திலும் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிற ஆட்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்?

கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் மனைவி திரிசலா கேட்டாள். "ஏங்க, முதலியார் வூட்டுக்குத்தான் வருஷா வருஷம் மொதல்ல ஓடுவீங்க. இந்தத் தரம் இன்னா, அந்தப் பேச்சையே எடுக்கக் காணோம்?"

"போறேன், போறேன்."

"நானும் வரட்டுங்களா? வடிவப் பாத்து எத்தினி நாளாச்சு. வீட்டுக்காரரு வராருன்னு குதிச்சுக்கினு இருப்பா."

"வாணாம். வாணாம், நீ வூட்டுக்குப் போ."

எதற்கு இரண்டு 'வாணாம்' என்று திரிசலா யோசித்தாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த இரண்டாவது 'வாணாம்' காதில் உறுத்தியது.

முதலியார் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். படியேறிய தேவகுமாரைப் பார்த்ததும் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"வந்துட்டாருய்யா! தப்பே பண்ணாத மனுஷன் மன்னிப்புக் கேக்க வந்துட்டாரு! வடிவு, மோர் எடுத்தாம்மா!"

தேவகுமார் கைகூப்பினார்.

"நானும் பத்து வருஷமாப் பாக்கறேன் நயினாரே. நீங்களும் கேக்கறீங்க, நானும் சும்மா சும்மா மன்னிச்சுக்கினே இருக்கறேன். ஒரு தரமாவது உருப்படியா ஒரு தப்பு பண்ணிட்டு வாங்களேன்பா! மன்னிக்கறதுக்கு எனக்கும் ஒரு ருசி இருக்குமில்ல?"

தன் ஹாஸ்யத்துக்குத் தானே குலுங்கிச் சிரித்தார் முதலியார். பாவு நூலெல்லாம் கூடச் சேர்ந்து ஆடியது.

அப்போதே சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல வாசல் எந்த மனுஷனுக்குத் திறக்கும்? 'பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன் முதலியாரே' என்று ஆரம்பித்திருந்தால் மீதி தானாக வந்திருக்கும். தேவகுமார் வாயைத் திறந்தார். வந்தது வழக்கமான வாசகம்தான்.

"அறிந்தும் அறியாமலும் ஏதாவது பிழை செஞ்சிருந்தா மன்னிக்கணும்."

"மன்னிச்சேன், மன்னிச்சேன். நீங்களும் என்னை மன்னிச்சுக்குங்க."

தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்தபடி வடிவு மோரோடு வந்தாள். அவள் முகத்தை அவ்வளவு வெளிச்சமாகத் தேவகுமார் நாலு வருஷமாகப் பார்த்ததில்லை. அவளிடமும் அதே வாசகத்தைச் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஐய, உங்கள மன்னிக்கறதுக்கு நான் யாருண்ணா? நாலு வருஷமா வாடகைகூட வாங்காம எங்க வண்டிய வச்சிருக்கீங்க." கொஞ்சம் நின்று, அவர் கூப்பிய கையை இறக்காததைப் பார்த்தாள். "சரி, கேட்டா குடுக்கணும்பாங்க. மன்னிச்சுட்டேண்ணா. அறிஞ்சு செஞ்சது, அறியாம செஞ்சது, எல்லாத்தையும். போதுமா?"

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் தேவகுமாருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. 'எல்லாத்தையும்' என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே! 'அறிஞ்சு செஞ்சது' என்றும் சொன்னாளே! அப்படியானால் அதுவும் இதில் அடங்கிவிட்டதுதானே? மோரைக்கூட ருசித்துக் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, இது இன்னா சீட்டுன்னு பாருங்க. நேத்து ரிஜிஸ்தர் தபால்ல வந்துது. எல்லாம் இங்கிலீசா இருக்குது."

ரயில்வே ரசீது. பம்பாயிலிருந்து காஞ்சிபுரத்துக்கு, மோட்டார் இஞ்சின், பழையது, ஒன்று. தேவகுமார் அதை இரண்டு தரம் படித்துப் பார்த்தார்.

"இஞ்சின் வாங்கி அனுப்பியிருக்கான்மா."

வடிவு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தெருவுல எவ்வளவு பேச்சு பேசினாங்கண்ணா! அங்கியே ஒருத்தியோட குடும்பம் நடத்தறான்னாங்க. செத்துப் போயிருப்பான்னுகூட ஒருத்தி சொன்னா. நான் ஒண்ணுதான் சொல்லுவேன். வண்டி இங்க நிக்குதில்ல? வண்டிய வுட்டுட்டு அவரு இருக்க மாட்டாரு. ராத்திரி தூக்கம் வராதப்பகூட அதைத்தான் நெனச்சுக்குவேன். அந்த வண்டி இல்லன்னா நான் என்னிக்கோ..."

"அழுவாதம்மா" என்றார் மாமனார் தறியிலிருந்து.

"வருஷா வருஷம் ஆயுத பூசைக்குத்தான் வண்டிக்குப் பொட்டு வைக்க வருவேன். இந்த வருஷம் அதுவரைக்கும் பொறுக்க முடியாதுண்ணா. இஞ்சினை இன்னிக்கே எடுத்தாந்துடுவீங்களா? நாலு மணிக்கு வந்து வண்டிக்கும் இஞ்சினுக்கும் சேத்து ஒரு பொட்டு வச்சுடறேன்."

"வா... வாம்மா" என்றார் தேவகுமார். வேறென்ன சொல்ல முடியும்?

தெருமுனை திரும்புவதற்குள் லேசான நெஞ்சு மறுபடி கனத்துவிட்டது. காலையில் அவருக்கு ஒரு குற்றம்தான் இருந்தது. இப்போது இரண்டு. உடைத்தது ஒன்று. அதைச் சொல்லாமலே அதற்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தது இன்னொன்று.

ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் மரப்பெட்டி தயாராக இருந்தது. பெட்டியின் மேல் வீரபாகு தன் கையாலேயே பெயிண்டில் எழுதியிருந்தான். 'தேவகுமார் அண்ணன், ஓரிக்கை ரோடு, காஞ்சிபுரம்.' அதற்குக் கீழே பெரிதாக, 'மெதுவாக இறக்கவும்.' பம்பாயிலிருந்து அரக்கோணம் வரைக்கும் எந்தக் கூலிக்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்? ஆனாலும் எழுதியிருந்தான்.

கூட வந்திருந்தவன் சிட்டிபாபு. கிடங்கில் சம்மட்டி பிடிக்கிற ஆள். அவன் பெட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தான்.

"இஞ்சின் வச்சிந்தி சாமி. பண்டி ஏதி?"

வருத்தம் வந்தால் அவனுக்குத் தெலுங்குதான் வரும். இஞ்சின் வந்துவிட்டது, வண்டி எங்கே என்று கேட்கிறான். மாசி மாதம் சம்மட்டியைத் தூக்குவதற்கு முன்னால், 'இது நம்ம வீரபாகு வண்டியாச்சே சாமி' என்று ஒருதரம் இழுத்தவன் இவன்தான். 'சொன்னதைச் செய்டா' என்று அதட்டியவர் அவர்.

பெட்டியை மாட்டுவண்டியில் மெதுவாகவே ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் சிட்டிபாபு அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மாகறல் மிராசுதாரு வைக்கப்போர் கொட்டாயில நிக்குதே ஒரு வண்டி. நீங்ககூடப் போன மாசம் அட்வான்ஸ் குடுத்தீங்களே. அதுவும் ஆஸ்டின்தான். அதுவும் கறுப்புதான். வெரதம் முடியட்டும்னு வுட்டு வச்சிருக்கோம்."

"அதுக்கு?"

"வீரபாகு வண்டி நம்பர் பிளேட்டு நம்ம ஷெட்டு செவுத்துலதான் தொங்குது. எடுத்து மாட்டினா வேலை முடிஞ்சுது."

"சேசிஸ் நம்பரு?"

"எந்த பிரேக் இன்ஸ்பெக்டரு குனிஞ்சு பாக்கறாரு?"

"வீரபாகு பாப்பாண்டா. அவன் வண்டி அவனுக்குத் தெரியாதா?"

"நாலு வருஷம் சாமி! நாலு வருஷத்துல என் மூஞ்சியே எனக்கு அடையாளம் தெரியல. துருப்புடிச்ச வண்டிக்கு இன்னா அடையாளம்?"

தேவகுமார் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மடியைப் பிரித்து லாரி வாடகையை எடுத்துக் கொடுத்தார். அது சரி என்று சொல்வதைவிட மோசம்.

மூன்று மணிக்குத் திரிசலா தூக்குச்சட்டியோடு கிடங்குக்கு வந்தாள். பொழுது சாய்ந்துவிட்டால் அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். மத்தியானம் வீட்டுக்கு வராத மனுஷனுக்கு நேரத்தோடு கொண்டுபோய்க் கொடுப்போம் என்று கிளம்பி வந்திருந்தாள். ஆறேழு மாதமாக அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

"இது வீரபாகு எழுத்தில்ல? இஞ்சினா! ஆத்தாடி, சொன்ன மாதிரியே அனுப்பிட்டான் பாருங்க!"

பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, புங்கமரத்து மூலைக்கு நடந்தாள். டயரில்லாத கார் நாலு செங்கல் அடுக்கின் மேல் நின்றுகொண்டிருந்த இடம் அது. நாலு அடுக்கும் அப்படியே இருந்தன. நடுவில் புல் முளைத்திருந்தது.

"வண்டி எங்கங்க?"

தேவகுமார் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"மாசில உடைச்சு லோடுல போட்டுட்டேன்."

திரிசலா என்னவோ கணக்குப் பார்ப்பது தெரிந்தது. மாசி... மாசி.

"மாசிலதானே ஒரு வண்டில அணில் குஞ்சு இருந்துதுன்னு வந்து சொன்னீங்க?"

இதை நான் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். தேவகுமார் கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. அவராகப் போட்டுக்கொண்டது. உடைக்கப்போகிற எந்த வண்டியானாலும், கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் திறந்துபோட்டு ஒரு முழு நாள் சும்மா விட்டுவைப்பார். உள்ளே இருக்கிற பல்லியோ தேளோ குருவியோ, இறங்கிப் போகட்டும் என்று. சம்மட்டியும் நெருப்பும் வைத்துப் பிழைக்கிற தொழிலில் ஒரு நயினார் இருக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் இந்தச் சட்டத்தைத்தான் அவர் பதிலாகச் சொல்லுவார். அந்த ஆஸ்டினின் டிக்கியில் அணில் கூடு இருந்தது. கண் திறக்காத மூன்று குஞ்சு. முறத்தில் தேங்காய் நார் போட்டு, குஞ்சுகளைக் கூட்டோடு எடுத்துப் புங்கமரத்துக் கவையில் வைத்து, தாய் அணில் திரும்பி வருகிறதா என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் சம்மட்டி விழுந்தது.

"அந்த வண்டிதானா இது?"

"அதுதான்."

"அணிலுக்காக ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்தீங்களே! அந்த ஒரு நாள்ல பிள்ளையார்பாளையம் எத்தினி தரம் போய் வரலாம்? சைக்கிள்ல போனா இருபது நிமிசம்! வடிவுன்னு ஒருத்தி அங்க தார் சுத்திக்கினு உக்காந்திருக்கறது உங்களுக்கு ஞாபகமே வரலயா?"

"வந்துது." அவர் தலை நிமிரவில்லை. "வந்துதுடி. அதான் போகல. போயிருந்தா வாணான்னு சொல்லியிருப்பா."

திரிசலாவின் கண் நிறைந்துவிட்டது.

"நான் அன்னிக்கு உங்கள எவ்வளவு மெச்சிக்கினேன்! உங்க தங்கச்சி அஞ்சனா வூட்டுக்குப் போயி, எங்க வூட்டுக்காரருக்கு எவ்வளவு எரக்கம் பாருன்னு பெருமையடிச்சேன். எனக்கு வெக்கமா இருக்குதுங்க."

"காலைல வடிவு மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டா."

"சொல்லிட்டீங்களா அவகிட்ட?"

"பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாவா!" அவள் குரல் கிடங்குத் தகரத்தில் மோதித் திரும்பியது. "விஷயத்தச் சொல்லாம மன்னிப்ப மட்டும் வாங்கிக்கினு வந்தீங்களா? அதுக்கு அவ வூட்டுச் சட்டியத் திருடிக்கினு வந்திருக்கலாம்!"

மாகறல் வண்டியைப் பற்றியும் அவர் சொன்னார். மறைக்கிற தெம்புகூட அவரிடம் மிச்சமில்லை. திரிசலா தலையில் கைவைத்துக் கொண்டாள்.

"வண்டிக்கு வண்டி குடுக்கறது நியாயம்தான். வாணாங்கல. சொல்லிட்டுக் குடுங்க. சொல்லாம நம்பர மாத்திக் குடுத்து, நாளைக்கு எவனாவது புடிச்சான்னா ஜெயிலுக்குப் போறது யாரு? வீரபாகு. பம்பாய்லருந்து வந்தவன நீங்களே தள்ளிவுடப் போறீங்களா?"

"நீ சொல்லிடேன் வடிவுகிட்ட. பொம்பளைக்குப் பொம்பளை..."

"மாட்டேன். நீங்க சொன்னா சொல்லுங்க, இல்லன்னா உள்ளயே வச்சுக்கினு சாவுங்க."

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னிப்பு நாளில் புருஷனைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தையா அது? ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு பழைய டிராக்டர் சீட்டின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்குச் சரியாக வடிவு வந்தாள். நல்ல சேலை, தலையில் கதம்பம், கையில் பித்தளைத் தட்டு. தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம்.

"வாம்மா" என்றார் தேவகுமார். இந்தத் தரம் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்து நின்றார். சத்தியமாக. "வடிவு, உங்கிட்ட ஒண்ணு..."

கேட்டுக்கு வெளியே லாரி ஹாரன் அடித்தது.

சங்கிலியில் கட்டி இழுத்தபடி, வைக்கோல் தூசி அப்பிய கறுப்பு ஆஸ்டின் ஒன்றை லாரி உள்ளே கொண்டுவந்து நிறுத்தியது. சிட்டிபாபு குதித்து இறங்கினான். வடிவைப் பார்த்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது.

வடிவின் முகம் மலர்ந்தது.

"ஓ, டயரு மாட்டி வண்டிய வெளிய எடுத்துக்கினு போயிருந்தீங்களா? கழுவறதுக்கா?"

பொய்யைக்கூட அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள். அவர் செய்யவேண்டியதெல்லாம் பேசாமல் நிற்பது ஒன்றுதான். நின்றார்.

வடிவு காரைச் சுற்றி வந்தாள். கதவைத் தடவினாள். "எப்படி எளைச்சுப் போச்சு பாரு பாவம்! வெளிய வெயில்ல வச்சிருந்தீங்களா?" முன்னால் வந்து, இடது விளக்கின் தூசியை முந்தானையால் துடைத்து, சந்தனம் வைத்தாள். மேலே குங்குமம்.

திரிசலா காரைப் பார்க்கவில்லை, தேவகுமாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது விளக்குக்கும் பொட்டு வைத்தாள் வடிவு. பொட்டு வைத்துக்கொண்டே, குழந்தையோடு பேசுகிற மாதிரி பேசினாள். "உன் ஆளு வந்துட்டாருடி. வெள்ளிக்கிழமை வந்து உன்னை ஓட்டப்போறாரு. என்னையும் ஏத்திக்கினு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போவணும், தெரியுதா? நாலு வருஷமா நீயும் நானும்தானே காத்துக்கினு இருந்தோம்."

தட்டில் கற்பூரத்தை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, தீப்பெட்டி இருந்தா குடுங்க."

தேவகுமாரின் கை மடிப்பக்கம் போனது. தீப்பெட்டி இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சாமி பேரில் இந்த வண்டி வீரபாகு வண்டியாகிவிடும். கை அங்கேயே நின்றுவிட்டது.

"இது உங்க வண்டி இல்லம்மா."

"இன்னாண்ணா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இது மாகறல்லருந்து வந்த வண்டி. உங்க வண்டிய மாசில நான் உடைச்சு வித்துட்டேன்."

வடிவு காரைப் பார்த்தாள். சிட்டிபாபுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். புங்கமரத்தடியில் நாலு செங்கல் அடுக்குகளைப் பார்த்தாள். தட்டை பானெட்டின் மேல் வைத்தாள்.

"எதுக்கு? உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"

கஷ்டம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். அவள் குரலில் அதற்குக்கூட இடம் இருந்தது.

"கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. லோடு கொறஞ்சுது."

"லோடுன்னா?"

"மதராஸ் லாரி. நெறஞ்சு போனாத்தான் பேசின வெலை. கொறஞ்சா டன்னுக்கு இவ்வளவுன்னு புடிச்சுக்குவாங்க. அன்னிக்கு ஒரு டன்னு கொறஞ்சுது. கடுதாசி வந்து ரெண்டு வருஷம் ஆயிடுச்சேன்னு..." மேலே போகமுடியவில்லை. "ஒரு டன்னுதாம்மா கொறஞ்சுது."

"எங்க வண்டி உங்களுக்கு ஒரு டன்னு."

திரிசலா எழுந்து வந்து வடிவின் தோளைத் தொட்டாள். வடிவு மெதுவாக அந்தக் கையை எடுத்து விலக்கிவிட்டாள்.

"சித்திரையில, ஆடியில, எத்தினி ராத்திரி வண்டி நிக்குது, வண்டி நிக்குதுன்னு சொல்லிக்கினு படுத்தேன்! அப்பல்லாம் இங்க வெறும் கல்லுதான் இருந்துதா?" கொஞ்ச நேரம் அழுதாள். சத்தம் வராமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "காலைல மன்னிப்புக் கேட்டீங்களே, இதுக்குத்தானா?"

"ஆமாம்மா."

"அது செல்லாது. எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

"எப்படிம்மா..."

"வாயாலதானே கேட்டு வாங்கினீங்க? வாயாலயே குடுங்க. எனக்கு வரலன்னு சொல்லுங்க."

தேவகுமார் கைகூப்பினார். நாற்பத்தெட்டு வயசில் எத்தனையோ மன்னிப்பு நாள் பார்த்தவர். இப்படி ஒரு வாசகம் அவர் சொன்னதும் இல்லை, கேட்டதும் இல்லை.

"நீ குடுத்த மன்னிப்பு எனக்கு வரலம்மா."

வடிவு தலையை ஆட்டிக்கொண்டாள். காரின் முன்னால் போய், இரண்டு விளக்கிலும் தான் வைத்த பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வண்டிய உங்களுக்கே எழுதிக் குடுத்துடறேம்மா. உன் வீட்டுக்காரன் பேருக்கே முறையா மாத்தி..." என்று தேவகுமார் ஆரம்பித்தார்.

"அதை வாங்கறதா வாணாமான்னு அவருதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். மாமாகிட்டயும் இதைச் சொல்ல மாட்டேன். உங்க பேச்சை எடுத்தாலே சிரிக்கறாரு அந்த மனுஷன்." கேட்டுப் பக்கம் இரண்டடி நடந்தவள் நின்றாள். "வெள்ளிக்கிழமை ரயிலடிக்கு நான் வரலண்ணா. அவரு எறங்கினதும் என் மூஞ்சியப் பாத்தா கண்டுபுடிச்சுடுவாரு. நீங்க போங்க."

"போறேன்."

"போயி?"

"சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்லுவீங்க? இப்ப சொல்லுங்க, கேக்கறேன்."

தேவகுமார் மூச்சை இழுத்துக்கொண்டார். "வீரபாகு, உன் வண்டிய..." அவ்வளவுதான் வந்தது. மறுபடி ஆரம்பித்தார். "வீரபாகு..."

சிட்டிபாபு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரிசலா அழுதுகொண்டிருந்தாள். வடிவு மட்டும் அவர் சொல்லி முடிப்பார் என்று நின்று பார்த்தாள்.

"இன்னும் மூணு நாள் இருக்குது," என்றாள் கடைசியில். "சொல்லிப் பழகுங்க."